அழகென்று வளர்த்த நோய்

வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் மஞ்சள் மலருடன் நிற்கும் துத்தியைத் தமிழர் நன்கறிவர். சித்த மருத்துவத்தில் அதற்குத் தனியிடம் உண்டு. அதன் உறவுச் செடியொன்று தென் அமெரிக்காவுக்கு உரியது. மணிபோல் தொங்கும் செம்மஞ்சள் பூக்களையுடைய அக்குறுஞ்செடியைத் தாவர நூலார் அபூட்டிலான் ஸ்ட்ரையாட்டம் என்று வழங்கினர். நோயையே அழகென்று மக்கள் போற்றிப் பேணிய விந்தை வரலாறு இச்செடியைச் சார்ந்ததாகும்.

1868-ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இச்செடியின் இளங்கன்றுகள் இங்கிலாந்துக்கு வந்தன. அவற்றை வரவழைத்தோர் வீட்ச் என்னும் புகழ்பெற்ற நாற்றுப்பண்ணையார். கன்றுகள் யாவும் பச்சை இலையுடன் இருக்க, ஒன்று மட்டும் பச்சையும் மஞ்சளும் விரவிய இலைகளோடு காணப்பட்டது. பலநிற இலைகளின்மீது ஐரோப்பியர் மோகம் கொண்டிருந்த காலம் அது. ஆதலின் அக்கன்றை எவரும் பிடுங்கி எறியவில்லை. அதன் தண்டுகளை வெட்டி நட்டுப் பெருக்கினர். ‘தாம்சனி’ என்று பெயரிட்டு விற்றனர். விரைவில் அது பல நாட்டுத் தோட்டங்களிலும் இடம்பெற்றது.

பிரிவுற்ற தலைவியின் மேனியில் படரும் பசலையைக் கண்டு, அவள் உற்ற நோயைத் தோழி உணர்வாள். இலையின் பசலையைக் கண்ட தோட்டக்காரரோ அதனை அழகென்றே எண்ணினர்.

உண்மை மெல்ல வெளிப்பட்டது. மஞ்சள் விரவிய கிளையைப் பச்சைச் செடியில் ஒட்டுக் கட்டினால், அச்செடியின் புதுத் தளிர்களும் மஞ்சள் விரவி வருவதை 1869-ஆம் ஆண்டிலேயே கண்டனர். பிரான்சின் நான்சி நகரத் தோட்டக்கலைஞர் லெமுவானும், பெல்ஜியத்தின் லியேழ் நகரத் தாவரநூல் பேராசிரியர் எடுவார் மோரனும் இதனை எழுதினர். மோரன் இதற்குத் ‘தொற்று’ என்றே பெயரிட்டார். ஆயினும் தொற்றுவது யாது என்பதை அன்று எவரும் அறியார்.

1892-இல் ரஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கியும் 1898-இல் டச்சு அறிஞர் பெயரிங்கும் புகையிலை நோயை ஆராய்ந்தனர். நுண்ணிய வடிகட்டியையும் கடந்து செல்லும் நோய்ப்பொருள் ஒன்று உண்டு என்பது அவர்களால் தெரிந்தது. அதுவே வைரஸ் எனப்பட்டது. அவர்களுக்குப் பின் ஜெர்மன் அறிஞர் எர்வின் பௌர் அபூட்டிலான் செடியை ஆராய்ந்து, 1904 முதல் 1906 வரை தம் முடிவுகளை வெளியிட்டார். நோயுற்ற செடியின் விதையிலிருந்து முளைத்தவை பச்சையாகவே வளர்ந்தன. சாற்றை எடுத்துத் தடவினாலும் நோய் பற்றவில்லை. ஒட்டுக் கட்டினால் மட்டுமே பற்றியது. ஆகவே இது மரபுவழி வந்த நிறமன்று, வைரஸ் நோயே என அவர் முடிவு செய்தார்.

எல்லாப் பலநிற இலையும் நோயன்று என்பதையும் இங்கே கருதவேண்டும். தோட்டத்து ஜெரேனியம் செடியின் வெண்ணிற ஓரம் மரபுவழி வருவது. அதனை 1909-இல் விளக்கியவரும் பௌரே. இரண்டையும் பிரித்தறியக் கண் போதாது, சோதனை வேண்டும்.

மனிதன் ஒட்டுக் கட்டாத இயற்கையில் இந்நோய் எவ்வாறு பரவுகிறது? 1946-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் ஒர்லாந்தோவும் சில்பர்ஷ்மிட்டும் இதற்கு விடை கண்டனர். வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சியே இதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டிய இரு துகள்களாய் அமைந்த ஜெமினி வைரஸ் குலத்தைச் சேர்ந்தது இந்த வைரஸ் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தண்டு வெட்டிப் பெருக்கப்பட்ட செடியில் இருந்த வைரஸை ஆராய்ந்தபோது, வெள்ளை ஈயின் வழியே பரவும் ஆற்றலை அது இழந்திருந்தது. அதன் புறவுறைப் புரதத்தில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றியதும் அவ்வாற்றல் மீண்டது என்று 2001-இல் ஆய்வாளர் காட்டினர். பூச்சியின் வேலையை மனிதனின் கத்தியே செய்து வந்தமையால், பூச்சியின் துணை அந்த வைரஸுக்குத் தேவையற்றுப் போயிற்று எனலாம்.

பூங்காவில் அழகாய்த் தோன்றிய இதே குலம் வயலில் கொடுமை செய்கிறது. துத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த வெண்டையில் தோன்றும் மஞ்சள் நரம்பு நோய் 1924-இல் பம்பாய் மாகாணத்தில் குறிக்கப்பட்டது. மரவள்ளியின் தேமல் நோயை 1894-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் கண்டனர். இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈயே. மரவள்ளி நோயோ, நோயுற்ற தண்டை நடுவோரின் கையாலும் பரவுகிறது. இலையில் பச்சையம் குன்றினால் செடியின் உணவாக்கம் குன்றும், விளைச்சலும் குன்றும்.

பூந்தோட்டத்தில் விலை கூட்டிய அதே மஞ்சள், உழவன் வீட்டில் உணவைக் குறைக்கிறது. செடியின் நிறம் கண்ணைக் கவரும்போது அதன் காரணத்தையும் வினவவேண்டும் என்பதே அபூட்டிலான் கற்பிக்கும் பாடம்.