பந்தயத்தில் தோற்றவர்

பிளக் கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1930 மே மாதம், எகிப்தில் அபூகிர் விமானத்தளம். இங்கிலாந்திலிருந்து கராச்சி நோக்கி வந்த பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்து நிற்கிறார். எதிர்த்திசையில் வந்த ஜே.ஆர்.டி. டாட்டா தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுக்கிறார். ஆஸ்பி ஜெயிக்கிறார், சில மணி நேர வித்தியாசத்தில் டாட்டா தோற்கிறார். நீதிபோதனை வகுப்புக்கு உகந்த கதை. அது மறைத்துவிடுகிற விஷயங்களில்தான் எனக்கு அக்கறை.

ஆகா கான் அறிவித்த 500 பவுன் பரிசு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு. யார் இந்தியர்? 1904இல் பாரிஸில் பிரெஞ்சுத் தாய்க்குப் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்திலும் பணியாற்றிய டாட்டா 1929 வரை பிரெஞ்சுப் பிரஜை. 1909இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த பிளேரியோவுக்கும் டாட்டா குடும்பத்துக்கும் கோடைவாசம் ஒரே கடற்கரையில். பறக்கும் மோகம் சிறுவனுக்கு அங்கே தொற்றியது. இந்தியராகி ஓராண்டுகூட ஆனதோ இல்லையோ, இந்தியருக்கான பரிசுக்குப் பறக்கிறார்.

மூன்றாமவர் மன்மோகன் சிங் முதலில் வந்து சேர்ந்தும் ஒரு மாதக் கெடு கடந்துவிட்டதால் பரிசில்லை. (தவணைத் தேதிகளோடு மாரடிக்கும் வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இவர்மேல்தான் பரிவு.)

அந்த ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். மே 3 டாட்டா கராச்சியில் கிளம்பினார். மே 5 காந்தி கைது. சாம்ராஜ்யத்தின் ஆகாயமார்க்கத்தில் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று இந்தப் பந்தயத்தைத் தள்ளிவிடலாம். சங்கரன்கோவிலில் என் நண்பர்கள் அப்படித்தான் தள்ளுகிறார்கள். நடந்தவர்களுக்கு மட்டுமே தேசத்தைப் பட்டா போட்டுக் கொடுப்பது சிந்தனைச் சோம்பல் என்று எனக்குப் படுகிறது.

பந்தயத்தோடு டாட்டா ஓய்ந்திருந்தால் நானும் தள்ளியிருப்பேன். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளோடு பஸ் மாத் விமானத்தைத் தானே ஓட்டிப் பம்பாய்க்கு வந்தார். அரசாங்க மானியம் கிடையாது. பம்பாயில் தபாலை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை சேர்ந்தார். இடையில் ஆமதாபாத்தில் டாட்டாவின் விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் வந்தது மாட்டுவண்டியில்.