தென்னைக் கழிவுக் கரி

கொட்டாங்குச்சி, நார்க்கழிவு போன்றவற்றைக் கரியாக்கி, அதில் நுண்துளைகள் பெருகும்படி பக்குவப்படுத்திய பொருள். ஆலைகளில் ஆக்டிவேட்டட் கார்பன் என்பார்கள். நீரில் கரைந்த ஈயம், காட்மியம், பாதரசம், நிக்கல் ஆகியவற்றைப் பிரித்தெடுக்க உதவும்.

கரைசலின் நிறத்தைக் கரி நீக்கும் என்பதை 1785இல் ரஷ்யாவில் லோவிட்ஸ் கண்டறிந்தார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளில் கொட்டாங்குச்சிக் கரி நிரப்பப்பட்டது. நல்ல கரியின் ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு ஒளிந்திருக்கும்.

உலோகங்களை நீக்கும் ஆய்வில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துக்குத் தனி இடம் உண்டு. தென்னை நாரைப் பிரிக்கும் மஞ்சி மில்களின் பின்புறம் குன்றாகக் குவியும் நார்க்கழிவில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி, எளிதில் மக்காது. மழை பெய்தால் அதிலிருந்து பழுப்புநீர் வடியும். யாருக்கும் வேண்டாத இந்தக் கழிவை சி. நமசிவாயமும் கே. கதிர்வேலுவும் கரியாக்கி, அது பாதரசத்தைப் பிடிப்பதை 1999இல் காட்டினர். 2001இல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. ஆய்வகத்தில் கலந்த உப்புக் கரைசலோடு நிற்காமல், நிக்கல், தாமிர முலாம் ஆலைகளின் கழிவுநீரிலேயே கரியைச் சோதித்தார்கள். அமிலம் மிகுந்த நீரில் கரியின் பிடிப்பு குறைவு. ஹைட்ரஜன் அயனிகளே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அமிலத்தன்மையைத் தணித்தால் பிடிப்பு கூடும்.

இந்த அறிவு மிகவும் தேவைப்படும் இடங்களில் ஒன்று வடசென்னையின் மணலி புதுநகர். ஒரு புறம் 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி வளர்ந்த தொழிற்பேட்டை. மறுபுறம் எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கி ஓடும் கொசஸ்தலை ஆறு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலிக்கு 76.32 மாசுப் புள்ளி தந்தது. 70ஐத் தாண்டினாலே மிக மோசமான மாசுப்பகுதி. ஆனால் ஆற்றில் கரியைக் கொட்டி ஆற்றைச் சுத்தமாக்க முடியாது. ஆலையின் வெளியேற்றுக் குழாயிலேயே, நீர் ஆற்றைத் தொடுமுன் கரிப்படுகை இருக்க வேண்டும்.

கரி தயாரிப்பிலும் கேடு உண்டு. காங்கேயம் வட்டாரத்தில் கொட்டாங்குச்சியைச் சுட்டு நீரூற்றி அணைக்கும் தொட்டிக்கரி ஆலைகளால் நிலத்தடி நீர் கெடுகிறது என்று உழவர்கள் போராடியிருக்கிறார்கள். புகையையும் அணைத்த நீரையும் வெளியே விடாத உலைகளில் செய்த கரியைத்தான் தூய்மைப் பணிக்கு ஏற்கலாம்.

உலோகம் ஏறிய கரியை நீர்த்த அமிலத்தால் கழுவினால் உலோகத்தை மீட்கலாம். கரியையும் சில முறை மீண்டும் பயன்படுத்தலாம். தேய்ந்துபோன கரி 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அதைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது; கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளதுபோன்ற, அபாயக் கழிவுக்கென அமைத்த கிடங்குக்கே அனுப்ப வேண்டும்.