அலுவிகாரையும் கட்டற்ற மென்பொருளும்

கண்டி மாநகருக்கு வடக்கே, மாத்தளையை அடுத்து, பெரும் பாறைகளின் நடுவே அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டிலே எழுதப்பெற்றது இவ்விடத்திலேயே என்பது மரபு.

அக்காலத்தில் பிடகத்தின் பகுதிகளை ஓதிக் காத்தற்குத் தனித்தனிக் குழுவினர் இருந்தனர். பாணகர் என்பது அவர்தம் பெயர். பலர் கூடி ஓதுகையில், ஒருவர் பிழை மற்றவர் செவிக்குத் தப்புவது அரிது. ஆயினும், பெரும் பஞ்சமொன்றின்போது மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரேயொரு பிக்குவே எஞ்சினார் என்றும், அவர் ஒழுக்கங் குன்றியவராயிருந்தும், நூல் அழியாதிருக்கும் பொருட்டு மகாரக்கிதர் அவரிடமே பாடங் கேட்டார் என்றும் பாளி உரைநூல் கூறும்.

மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்க, பலர் கூடி இயற்றும் கட்டற்ற மென்பொருளுக்கும் இதே கவலை உண்டு. 1991ஆம் ஆண்டு லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கு எவரும் திருத்தம் அனுப்பலாம். அது மின்னஞ்சல்வழிப் பலர் பார்வைக்கும் வந்து, அப்பகுதியின் பொறுப்பாளர் ஏற்ற பின்னரே மேலே செல்லும். 2005இல் அவரே ஆக்கிய ‘கிட்’ என்னும் கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயருடன் பதிந்து வைக்கின்றது. வேறு பல திட்டங்களில், பங்களிப்போர் தமது படியில் மாற்றஞ் செய்து, அதனை மூலத்துடன் இணைக்குமாறு வேண்டுவர்.

இவற்றுள் எதனைத் தெரிவது? பகுதிகள் பலவாயின், பகுதிதோறும் பொறுப்பாளர் வேண்டும். சிறு குழுவாயின், ஒருவர் எழுதியதை மற்றொருவர் நோக்கிய பின் சேர்த்தல் போதும். எம்முறையாயினும், ஒரு பகுதியை அறிந்தவர் ஒருவராக மட்டும் இருத்தலாகாது. மகாநித்தேசத்துக்கு நேர்ந்த இடர் அதுவே.