சீழ்க்கையில் ஒலிக்காத குரல்கள்

'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்னும் யுத்தத் திரைப்படம் வெளிவந்தது 1957இல். பியெர் பூலின் பிரெஞ்சு நாவலை டேவிட் லீன் படமாக்கினார். கதை நிகழ்வது தாய்லாந்தில். படத்துக்கான பாலம் எழுந்ததோ நமது கித்துல்கலவில், களனி கங்கையின் மீது. மெய்யாகவே மரப்பாலம் கட்டி, அதில் புகைவண்டியை ஓட்டி, வெடிவைத்துத் தகர்த்தனர்.

படத்தின் உயிர்நாடி இசை. கந்தலாடையுடன் அணிவகுத்துவரும் கைதிகள் சீழ்க்கையடிக்கும் மெட்டு 'கேர்னல் போகி'. பிரித்தானிய இராணுவ வாத்தியக்குழுத் தலைவர் ஒருவர் 1914இல் இயற்றியது அது. இசையமைப்பாளர் மல்கம் ஆர்னல்ட் அதனோடு இசைந்து செல்லும் வேறொரு நடையிசையைத் தாமே ஆக்கிப் பிணைத்தார். ஒஸ்கார் விருதும் பெற்றார்.

வரலாறோ இன்னும் கொடியது. சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீற்றர் நீளமானது. 1942–43இல் அதனை அமைக்கையில் ஏறத்தாழ 12,000 நேசநாட்டுக் கைதிகள் மடிந்தனர். அவர்களைவிடப் பன்மடங்காக மடிந்தோர் ஆசியத் தொழிலாளர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அவர்களுள் அடங்குவர். அத்தமிழரின் கதை படத்தில் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலே அதைப் பேசியது.

அந்தச் சீழ்க்கையை மறுமுறை கேட்கையில், அதில் ஒலிக்காத அக்குரல்களையும் நினைவுகூர்வோமாக.