‘அக்காலத்தின் இயல்பு’ என்னும் வாதம்: அறிவொளிக் காலத் தத்துவத்தில் மரபினக் கோட்பாடு

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா, மனித சமத்துவத்தையும் பகுத்தறிவின் ஆட்சியையும் முழங்கிய காலமாக வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அதே நூற்றாண்டில்தான் மனிதரை நிறத்தாலும் உடலமைப்பாலும் வகுத்து, அவ்வகுப்புகளை அறிவுத் திறனோடும் ஒழுக்கத் திறனோடும் பிணைத்துப் பேசும் கோட்பாடும் உருப்பெற்றது. இவ்விரண்டும் ஒரே சிந்தனையாளரின் எழுத்தில் அருகருகே காணப்படும்போது வாசகர் திகைப்பது இயல்பு. அத்திகைப்புக்கு வழக்கமாகத் தரப்படும் விடை, ‘அவர்கள் தம் காலத்தின் பிள்ளைகள், அக்காலத்தில் அனைவரும் அவ்வாறே எண்ணினர்’ என்பதாகும். இவ்விடை வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துகிறதா என்பதை ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்டின் (1724–1804) எழுத்துகளை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் ‘இனம்’ என்னும் சொல் மொழிவழிக் குழுவையும், சமயவழிக் குழுவையும், நாட்டுவழிக் குழுவையும் ஒருசேரக் குறிக்க வல்லது. ஆதலின், பரம்பரையாக வரும் உடற்கூறுகளை அடிப்படையாகக் கொண்ட பாகுபாட்டைக் குறிக்க ‘மரபினம்’ என்னும் சொல் ஈண்டு ஆளப்படுகிறது.

வகைப்பாட்டின் தொடக்கம்

மனிதரைப் பெரும்பிரிவுகளாக வகுக்கும் முயற்சியின் தொடக்கங்களுள் ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது. மொகலாய இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மருத்துவராக வாழ்ந்த பிரெஞ்சுப் பயணி ஃபிரான்சுவா பெர்னியே, 1684இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், உலகை நாடுகளால் பிரிப்பதற்கு மாறாக மனித வகைகளால் பிரித்துக் காட்டினார். ஐரோப்பியரை உள்ளடக்கிய முதல் வகையிலேயே மொகலாயப் பேரரசு, கோல்கொண்டா, பீஜப்பூர் மக்களையும், சுமத்திரா, போர்னியோ ஆகியவற்றின் ஒரு பகுதியினரையும் அவர் சேர்த்தார். இந்தியரின் கருநிறம் வெயிலால் வந்தது என்பது அவர் கருத்து. நூறாண்டுகளுக்குள் இந்நிலை மாறிவிட்டது.

சுவீடன் நாட்டு இயற்கையியலார் லின்னேயஸ் 1735இல் மனிதரைக் கண்டங்களின் அடிப்படையில் நான்காகப் பிரித்தார். 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில், ஒவ்வொரு பிரிவிற்கும் உடல்நீர்க் குணங்களையும் ஆளுகை முறையையும் அவர் ஏற்றியுரைத்தார். ஐரோப்பியர் சட்டத்தாலும் ஆசியர் கருத்தாலும் ஆப்பிரிக்கர் தன்மனப் போக்காலும் ஆளப்படுவதாக அவ்வட்டவணை கூறியது. தாவரங்களை வகைப்படுத்திய அதே நூலில், குணமதிப்பீடு இயற்கை விவரணையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1749இல் வேறொரு வழியில் சென்றார். தம்முள் கலந்து இனப்பெருக்கவல்ல சந்ததியைத் தருவதால் மனிதர் அனைவரும் ஓரினமே. தட்பவெப்பம், உணவு, வாழ்க்கை முறை ஆகியவற்றால் வேறுபாடுகள் தோன்றின என்றார். கான்ட் தமது கோட்பாட்டை எழுப்பியது பூஃபோனின் இவ்வடித்தளத்தின் மீதேயாகும்.

ஹியூமின் அடிக்குறிப்பும் பீட்டியின் மறுப்பும்

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், நாட்டினங்களின் குணங்கள் பற்றி 1748இல் எழுதிய கட்டுரையில், தட்பவெப்பம் குணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆட்சிமுறை, சமூகப் பழக்கம் முதலியனவே தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார். ஆனால் 1753ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தார். வெள்ளையரல்லாத மக்கள் அனைவரும் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று தாம் ஐயுறுவதாக அதில் எழுதினார். ஜமைக்காவில் கல்விமான் எனப் புகழப்பட்ட கறுப்பர் ஒருவரைக் கிளிப்பிள்ளைக்கு ஒப்பிட்டார். அனுபவமே அறிவின் அடிப்படை என்று வலியுறுத்திய அறிஞர், தம் கொள்கைக்கு மாறான சான்று எதிர்ப்பட்டபோது அதனை எள்ளி ஒதுக்கியமை நோக்கத்தக்கது.

இதற்கு மறுப்பு எழாமலில்லை. அதே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பீட்டி 1770இல் ஹியூமை நேரடியாகக் கண்டித்தார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனிலும் பிரான்சிலும் வாழ்ந்தோரும் நாகரிகமற்றவராகவே கருதப்பட்டனர். பெரு, மெக்சிகோ பேரரசுகளை அறிவற்றோர் நடத்தியிருக்க இயலாது. அடிமை வாழ்வில் கல்வி வாய்ப்பு மறுக்கப்பட்டவரைக் கொண்டு அவர்தம் இயல்பை அளத்தல் முறையாகாது என்பன அவருடைய வாதங்கள். ஹியூம் மறைந்தபின் 1777இல் வெளிவந்த பதிப்பில் அடிக்குறிப்பு திருத்தப்பட்டிருந்தது. பிற மக்கள் நீக்கப்பட்டனர். ஆப்பிரிக்கர் பற்றிய கூற்று மட்டும் நீடித்தது.

இதற்கிடையே, 1764இல் வெளியிட்ட அழகும் மேன்மையும் பற்றிய நூலில், ஹியூமின் அடிக்குறிப்பைக் கான்ட் உடன்பாட்டோடு எடுத்தாண்டார். ஓர் அடிக்குறிப்பு இவ்வாறு மொழி கடந்து மற்றொரு தத்துவ மரபுக்குள் புகுந்தது.

கான்டின் கோட்பாடு

கான்ட் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1756 முதல் 1796 வரை இயற்பியல் புவியியலைக் கற்பித்தார். தம் வட்டாரத்தை விட்டு வெளிச்செல்லாத அவர், உலக மக்களைப் பற்றி அறிந்ததெல்லாம் பயண நூல்கள்வழியே ஆகும். மரபினம் குறித்து அவர் 1775, 1785, 1788 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளை வெளியிட்டார்.

மனிதர் அனைவரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவருடைய முதற்கோள். அம்மூலத்தில் எல்லாத் தட்பவெப்பங்களுக்கும் ஏற்ற ‘வித்துகள்’ உறங்கிக் கிடந்தன. மக்கள் பரவியபோது ஒவ்வொரு நிலத்திலும் அதற்குரிய வித்து முளைத்தது, ஏனையவை ஒடுங்கின. முளைத்த வித்து மீண்டும் மாறாது. எனவே தோல் நிறம், கலப்பு மணத்தின் குழந்தைகளிடத்தும் தவறாது வெளிப்படும் பரம்பரைக் கூறாயிற்று. 1775இல் அவர் வகுத்த நான்கு மரபினங்களுள் இந்துஸ்தானியரும் ஒன்று. ஐரோப்பாவின் குளிரில் பல தலைமுறைகள் வாழ்ந்தும் நிறம் மாறாத இந்திய வழியினராகிய ஜிப்சி மக்களைத் தம் கொள்கைக்குச் சான்றாகவும் அவர் காட்டினார். பெர்னியேயிடம் வெயிலின் விளைவாக இருந்த இந்திய நிறம், கான்டிடம் மாறாத பரம்பரையின் அடையாளமாகியது.

1788ஆம் ஆண்டுக் கட்டுரை தோல் நிறத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கப் பழங்குடியினர் பண்பாட்டுக்கு உரிய ஆற்றலற்றவர் என்றும், ஆப்பிரிக்கருக்கும் கீழான நிலையினர் என்றும் அது கூறியது. விடுதலை பெற்ற கறுப்பர் உழைக்க விரும்புவதில்லை என்னும் கூற்றையும் அதில் காணலாம். இதற்குக் கான்ட் ஆதாரம் கொண்டது, அடிமை முறையை எதிர்த்த பாதிரியார் ஜேம்ஸ் ராம்சேயை மறுத்து எழுதப்பட்ட ஓர் அடிமைமுறை ஆதரவு எழுத்தையேயாகும். இங்கு ஒரு செய்தி தெளிவாகிறது. ராம்சே கரீபியத் தீவாகிய செயின்ட் கிட்ஸில் நேரில் வாழ்ந்து எழுதியவர். அவர் நூல் 1784இல் வெளிவந்தது. இரு தரப்பு வாதங்களும் அச்சில் இருந்தன. அவற்றுள் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது.

ஹெர்டரும் ஃபோர்ஸ்டரும்

கான்டின் மாணவராயிருந்த ஹெர்டர், மனிதகுல வரலாற்றுத் தத்துவம் பற்றிய தமது பெருநூலில் மரபினம் என்னும் சொல்லையே ஏற்க மறுத்தார். நிறங்கள் ஒன்றிலொன்று கரைந்து செல்கின்றன. பூமியில் நான்கோ ஐந்தோ மரபினங்கள் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. அந்நூலின் முதலிரு பகுதிகளுக்குக் கான்ட் 1785இல் கடுமையான மதிப்புரைகள் எழுதினார்.

மறுப்பின் கூர்மை கியோர்க் ஃபோர்ஸ்டரிடம் மிகுதி. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் (1772–1775) இளைஞராக உடன்சென்ற அவர், தென்கடல் மக்களை நேரில் கண்டவர். வரையறையை முன்னரே முடிவுசெய்து கொண்டு இயற்கையிடம் செல்பவர், தாம் தேடியதையே அங்குக் காண்பர் என்பது 1786இல் அவர் எழுப்பிய குற்றச்சாட்டின் சாரம். கான்டின் 1788ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு அளித்த விடையாகும்.

இவ்விவாதத்தில் ஒரு முரண் உண்டு. ஒரே மூலம் என்றவர் கான்ட். பல மூலங்கள் இருந்திருக்கலாம் என்றவர் ஃபோர்ஸ்டர். ஆனால் அடிமைமுறையைக் கண்டித்துக் குரல் எழுப்பியவர் ஃபோர்ஸ்டரே. கறுப்பர் நம் உடன்பிறப்புகள் என்னும் எண்ணம் எந்த அடிமை ஓட்டியின் ஓங்கிய சாட்டையையாவது தடுத்ததுண்டா என்னும் பொருள்பட அவர் வினவினார். ஃபோர்ஸ்டரும் உயர்வு தாழ்வு எண்ணங்களிலிருந்து முற்றும் விடுபட்டவரல்லர். எனினும் ஒருமூலக் கொள்கை தன்னளவில் சமத்துவத்துக்கு உறுதி தராது என்பதை அவர் கண்டுணர்ந்தார். காளிதாசரின் சாகுந்தலத்தை வில்லியம் ஜோன்ஸின் ஆங்கில ஆக்கத்திலிருந்து 1791இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவரும் இவரே என்பது இந்தியவியல் பயில்வோர் நினைவிற்கொள்ளத்தக்கது.

புளூமென்பாகும் ‘மலாய்’ வகையும்

கோட்டிங்கன் பேராசிரியர் புளூமென்பாக், 1795இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் மனிதகுலத்தை காக்கேசியர், மங்கோலியர், எத்தியோப்பியர், அமெரிக்கர், மலாயர் என ஐவகையாக்கினார். மண்டையோடுகளை அளந்தாய்ந்த அவர், ‘மலாய்’ என்னும் பெயருக்குத் தந்த காரணம் மொழியாகும். மலாக்கா தீபகற்பத்தை அடுத்த தீவுகள் முதல் ஈஸ்டர் தீவு வரை பரவிய மக்களுள் பெரும்பாலோர் மலாய் மொழி வழக்குகளைப் பேசுவதை அவர் சுட்டினார். உடற்கூற்றுப் பிரிவு ஒன்று மொழியின் பெயரைத் தாங்கி நின்றதை நம் வட்டார வாசகர் தனியே கருதிப் பார்க்கலாம். இவ்வகைகளுக்கிடையே தெளிவான எல்லை இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கறுப்பர் எழுதிய நூல்களைத் திரட்டி, அவர்தம் அறிவாற்றலுக்குச் சான்றாக முன்வைத்தார். எனினும் காக்கேசிய மண்டையோட்டை மிக அழகியது என்றும் மூல வடிவம் என்றும் அவர் கூறியதைப் பின்வந்தோர் பற்றிக்கொண்டனர். ஆசிரியர் இட்ட எச்சரிக்கை மறக்கப்பட்டு, பட்டியல் மட்டும் எஞ்சியது.

எழுதியவர்களின் சான்று

மேற்கண்ட விவாதம் நடைபெற்ற காலத்தில், விவாதப் பொருளாக்கப்பட்ட மக்களும் எழுதிக்கொண்டிருந்தனர். இன்றைய கானாவில் பிறந்த அன்டன் வில்ஹெல்ம் ஆமோ 1734இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆய்வேடு அளித்து, ஹாலேயிலும் ஜெனாவிலும் கற்பித்தார். ஃபிலிஸ் வீட்லியின் கவிதை நூல் 1773இல் லண்டனில் வெளிவந்தது. அடிமை வாழ்விலிருந்து மீண்ட ஒட்டோபா குகோவானோ 1787இலும், ஒலாடா ஈக்குவியானோ 1789இலும் அடிமை வாணிகத்தை எதிர்த்து நூல்கள் வெளியிட்டனர். ‘அக்காலத்தில் அனைவரும்’ என்னும்போது, இவர்கள் அந்த ‘அனைவரு’க்குள் அடங்குவரா என்னும் வினா எழுகிறது.

அண்மைக்கால விவாதம்

1795இல் வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில், ஐரோப்பிய வணிக நாடுகள் இந்துஸ்தானத்தில் வாணிகம் என்னும் பெயரால் படைகளைப் புகுத்தியதையும், கரும்புத் தீவுகளின் கொடிய அடிமைமுறையையும் கான்ட் கண்டித்தார். இதனைக் கொண்டு, 1790களில் அவர் மரபின உயர்வு தாழ்வுக் கொள்கையைக் கைவிட்டார் என்று பவுலின் கிளைன்கெல்ட் 2007இல் வாதிட்டார். கான்ட் தம் முந்தைய கருத்துகளை வெளிப்படையாகத் திரும்பப் பெறவில்லை என்பதைச் சுட்டி ராபர்ட் பெர்னஸ்கோனி முதலியோர் இதனை ஏற்க மறுக்கின்றனர். மரபினச் சிந்தனையைக் கான்டின் தத்துவ முறையோடும் கற்பித்தல் பணியோடும் இணைத்துக் காணவேண்டும் என்பதை ஹுவாபிங் லு-ஆட்லரின் 2023ஆம் ஆண்டு நூல் வலியுறுத்துகிறது. நாற்பதாண்டுகள் வகுப்பறையில் ஓர் ஆசிரியர் கூறியவை, அவர் பின்னர் மனம் மாறினும் மாணவர்வழித் தொடரும் என்பது எண்ணிப்பார்க்க வேண்டியது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படும். முதலாவது, மரபினக் கோட்பாடு அதன் காலத்திலேயே மறுக்கப்பட்டது. ஹியூமுக்குப் பீட்டியும், கான்டுக்கு ஹெர்டரும் ஃபோர்ஸ்டரும் எதிர்நின்றனர். ஆதலின் அதனைக் காலத்தின் மீது சுமத்துதல், எதிர்த்து நின்றோரை அக்காலத்திலிருந்து அகற்றுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, மனிதகுலம் ஒன்றே என்னும் அறிவியற்கூற்றும், மனிதர் சமம் என்னும் அறக்கூற்றும் ஒன்றல்ல. முன்னதை ஏற்று, பின்னதை மறுத்துவிட இயலும் என்பதற்குக் கான்டின் கட்டுரைகளே சான்று.

கான்டின் அறநெறித் தத்துவத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. மனிதரை எஞ்ஞான்றும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற அவருடைய நெறியே, அவருடைய மரபினக் கட்டுரைகளை எடைபோட நமக்கு உதவும் அளவுகோலாகிறது. அந்நெறியைக் கற்பிக்கும் ஆசிரியர், அதே கையால் எழுதப்பட்ட 1788ஆம் ஆண்டுக் கட்டுரையையும் ஃபோர்ஸ்டரின் மறுப்பையும் மாணவர் முன் ஒருங்கே வைத்தல் வேண்டும். விண்ணப்பப் படிவங்களில் இனத்தைக் குறிக்கும் கட்டத்தை நிரப்பிப் பழகிய நம் மாணவர்களுக்கு, அத்தகைய கட்டங்கள் மனிதரால் வகுக்கப்பட்டவை என்பதையும், வகுக்கப்பட்ட நாளிலேயே ஐயுறப்பட்டவை என்பதையும் உணர்த்த அதுவே தக்க வழியாகும்.