யாருடைய நூற்றாண்டு?

1936 ஜூன் 6ம் தேதி அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் டெக்சாஸ் நூற்றாண்டுப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பிரிந்து நூறு வருஷமாச்சு என்பதற்கான கொண்டாட்டம். பெருமந்தக் காலம், வேலையில்லை, கையில் காசில்லை. ஆனாலும் நவம்பர் கடைசிக்குள் அறுபது லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். ஃபேர் பார்க் மைதானத்தில் அப்போது எழுந்த கட்டிடங்கள் பல இன்றும் நிற்கின்றன. 'ஹால் ஆஃப் ஸ்டேட்' மண்டபத்தில் ஆறு நாயகர்களுக்கு வெண்கலச் சிலைகள். ஆறு பேரும் வெள்ளை ஆண்கள். சுதந்திரம் என்கிற சொல் அங்கே எந்தக் கூச்சமும் இல்லாமல் புழங்கியது.

யாரோட சுதந்திரம்? 1829ல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டபோது, டெக்சாஸில் குடியேறியிருந்தவர்கள் விதிவிலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1836ல் பிறந்த குடியரசின் அரசியல் சட்டம் அடிமைமுறைக்குக் காவல் நின்றது. அதோடு விடவில்லை. விடுதலை பெற்ற கறுப்பர்கூட காங்கிரசின் சம்மதமில்லாமல் அங்கே நிரந்தரமாக வாழமுடியாது என்றும் எழுதிவைத்தது. நூறு வருஷம் கழித்து விழா எடுத்தவர்கள் இந்த ஷரத்துகளுக்குச் சிலை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விழாவுக்குள் டல்லாஸ் கறுப்பர்கள் இடம் கேட்டார்கள். ஏ. மேசியோ ஸ்மித் போன்றவர்கள் அதற்காக அலைந்தார்கள். மாநிலச் சட்டமன்றம் பணம் தரவில்லை. மத்திய அரசு பொருட்காட்சிக்கு ஒதுக்கிய முப்பது லட்சம் டாலரிலிருந்து ஒரு லட்சம் கிடைத்தது. 'நீக்ரோ வாழ்க்கை மண்டபம்' ஜூன் 19ம் தேதி திறந்தது. தேதியைக் கவனிக்கணும். 1865ல் அதே நாளில்தான் கால்வெஸ்டனில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டது. அரசின் நூற்றாண்டுக்குள் புகுந்து, இன்னொரு காலக்கணக்கைத் தொடங்கிவைத்தார்கள்.

உள்ளே ஆரன் டக்ளஸின் நான்கு சுவரோவியங்கள். ஒன்றில் சங்கிலியில் பிணைத்த மனிதர்கள் கப்பலை நோக்கி நடக்கிறார்கள். இன்னொன்றில் விலங்கிட்ட கைகள் கீழிருந்து அலைபோல எழும்ப, மேலே மூன்று பேர் தூரத்து நகரத்தைப் பார்க்கிறார்கள். முன்னேற்றம் என்ற பொருட்காட்சியின் சொல்லாடலுக்கே இதுவும் பணிந்துபோகிறது என்று ஒருவர் வாதாடலாம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அந்த நகரத்தை விலங்குகளின் வழியாகத்தானே பார்க்கவேண்டியிருக்கிறது!

நாலு லட்சம் பேருக்கு மேல் வந்த மண்டபம் அது. 1937ல் அதே மைதானத்தில் பான் அமெரிக்கன் பொருட்காட்சி தொடங்குவதற்குள் அதை இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் வருடாந்திரச் சந்தையில் கறுப்பர்களுக்கென்று தனி நாள் ஒதுக்கும் வழக்கம் தொடர்ந்தது. 1955ல் ஜுவனிதா கிராஃப்ட் இளைஞர்களைத் திரட்டி வாசலில் மறியல் செய்தார். அறுபதுகளின் கடைசியில், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று மைதானத்தை ஒட்டியிருந்த கறுப்பர் வீடுகளை நகராட்சி கையகப்படுத்தியது.

1993ல் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் ஃபேர் பார்க்கில் தன் சொந்தக் கட்டிடத்தைத் திறந்தது. டக்ளஸின் ஓவியங்களில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று வாஷிங்டனில் இருக்கிறது, மற்றது சான் பிரான்சிஸ்கோவில்.