இரண்டு வெப்ளிகள்

நாஞ்சில்நாட்டில் துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்லப் புகுபவர் உதயகிரிக் கோட்டையிலிருந்து தொடங்குவதே முறை. 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டிலனாயைக் கொண்டு அங்கே பீரங்கி வார்க்கும் உலையை அமைத்தார். ஆயுதம் இம்மண்ணிலேயே உருவான காலம் அது. ஆனால் 1809இல், தலக்குளத்து வேலுத்தம்பியின் கிளர்ச்சியை ஒடுக்கக் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு நுழைந்தது. திருவிதாங்கூரின் நாயர் படை கலைக்கப்பட்டது. மலைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில், பாளையக்காரர் போர் முடிந்த கையோடு 1801 டிசம்பரிலேயே ஆயுதத் தடை வந்துவிட்டிருந்தது. அதற்குப் பின் இப்பகுதியில் துப்பாக்கி என்பது மேலிடத்து அனுமதியின் இன்னொரு பெயர். வயலில் விளைந்த செல்வத்தைவிட, சுவரில் தொங்கிய இரட்டைக்குழல் ஒரு வீட்டின் செல்வாக்கை உரக்கச் சொன்னது.

ரிவால்வரோ அதற்கும் மேல்படி. அது வேட்டைக்கு உதவாது. இடுப்பில் இருப்பதே அதன் வேலை. அந்த இடுப்பு பெரும்பாலும் வெள்ளை அதிகாரியுடையது, உறையில் இருந்தது பெரும்பாலும் வெப்ளி. பர்மிங்காமில் உருவான இதை 1887இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றது. முதல் உலகப் போரின்போது, 1915இல், ஆறாம் மார்க் வந்தது. மேலே உள்ள தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடியும். ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒரே வீச்சில் வெளியே தெறிக்கும். இந்த அழகுக்காகவே அதை விரும்புவோர் உண்டு. 1979இல் வெப்ளி நிறுவனம் துப்பாக்கி செய்வதையே நிறுத்தியது.

அதே பெயர் 2020இல் இந்தியாவுக்கு வந்தது. லக்னோவின் சியால் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்துச் சண்டீலாவில் தொழிற்சாலை. அங்கிருந்து வரும் .32 ரிவால்வரைத் தள்ளுபடியில் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்ல, அதை வாங்கலாமா என்று என்னைக் கேட்டார் மாறாமலைப் பக்கம் கிராம்புத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர். "பேரு வெப்ளிதானே மக்கா, பேரன் காலம் வரைக்கும் நிக்கும்லா" என்றார்.

பெயர் நிற்கும். ஆனால் எது வெப்ளி? நம் ஆயுத விதிகளின்படி .455, .380 தோட்டாக்களைச் சுடக்கூடிய ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட வகை. வெப்ளிக்குப் புகழ் தந்த அளவுகள் அவையே. ஆகவே இங்கே சட்டப்படி வாங்கக் கிடைக்கும் மறுபதிப்பு .32 அளவுக்குள் சுருங்கியாக வேண்டும். அந்த வடிவமும் நமக்குப் புதிதல்ல. கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெப்ளியின் நான்காம் மார்க்கைத் தழுவிய .32 ரிவால்வரைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 2014இல் பெண்களுக்கென்று, ஏறத்தாழ 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் விலையில், அது வெளியிட்ட அரைக்கிலோ எடையுள்ள 'நிர்பீக்'கும் அந்த மரபில் வந்ததே. சொல்லப்போனால் வெப்ளியை அதன் சொந்த அரசாங்கமே நகலெடுத்ததுண்டு. நிறுவனம் உருவாக்கிக் காட்டிய .38 மாதிரியை ஒட்டி அரசின் என்ஃபீல்டு ஆலையே 1932இல் ஒன்றைச் செய்து படைக்குக் கொடுத்தது. வெப்ளி கேட்ட இழப்பீடு 2,250 பவுண்டு, கிடைத்தது 1,250. எனவே நகல் என்பதற்காக நான் முகம் சுளிக்கவில்லை. சண்டீலாத் துப்பாக்கி நன்றாகவே சுடக்கூடும்.

என் தயக்கம் வேறு. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வழிவழியாக வந்தவையும் அந்தக் கணக்கில் சேரும். பெரியவரிடம் ஏற்கெனவே இரண்டு உண்டு. ஒன்று பன்றிக்காக வாங்கிய இச்சாப்பூர் .315 ரைபிள். (1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அனுமதியின்றிப் பன்றியைச் சுட முடியாது என்பது தனிக்கதை.) மற்றது அவர் தாத்தாவின் இரட்டைக்குழல். புதியது உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும். தோட்டக்காரர் ரைபிளை விட மாட்டார். போகப்போவது இரட்டைக்குழல்.

அந்த இரட்டைக்குழலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பக்கத்தகட்டில் மங்கிய எழுத்தில் 'வெப்ளி அண்ட் ஸ்காட்'. குழலை மடித்தால் அடியில் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. அடிக்கட்டை எப்போதோ உடைந்து, ஊர் ஆசாரி ஒருவர் ஈட்டி மரத்தில் செய்து பொருத்தியது. நிறம் பொருந்தவில்லை, பொருத்து அசையவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார்.

வாங்க வேண்டாம் என்றேன். வரலாற்றின் சாயலைக் காசு கொடுத்து வாங்குவதற்காக, வீட்டில் கிடக்கும் வரலாற்றை ஒப்படைப்பது எனக்குச் சம்மதமில்லை. அவர் பதில் பேசவில்லை. பழைய இரட்டைக்குழலை விற்றால் என்ன தேறும் என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டிருக்கிறார். கடைக்காரர் சொன்ன தொகை, புதிய ரிவால்வருக்கு அவர் தரும் தள்ளுபடியைவிடக் குறைவு.